முதல் மாலைக்கு உரியவர்

கோலாலம்பூரிலிருந்து வந்த ராதாகிருஷ்ணன் கன்னத்தில் வாங்கிய அறை ஹோட்டல் சமையல்கட்டு வரைக்கும் கேட்டது. கோட்டும் டையுமாக, கையில் டைப் அடித்த நிகழ்ச்சி நிரலோடு, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரிதான் மனிதர் மலைமேல் இருக்கும் பிரிஞ்சாங்கில் வந்து இறங்கினார். 1984 ஆகஸ்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்க இருந்த மலைநாட்டு வணிகர் மாநாட்டை மேடையில் நின்று நடத்திக்கொடுப்பதற்காகச் சங்கச் செயலாளர் நல்லுசாமி அவரைத் தேடிப் பிடித்து அமர்த்தியிருந்தார். நல்லுசாமி கோலா தெர்லாவில் காய்கறி வியாபாரி. பெரிய மனிதர்கள் வரும் மாநாட்டுக்குப் பெரிய ஊர்க்காரர்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவர் அவர்தான்.

சனிக்கிழமை காலை ஒத்திகை. ராதாகிருஷ்ணன் மாலை வாங்குவோர் பெயர்களை ஏ, பி, சி வரிசையில் படித்தார். பட்டணத்தில் அது நியாயம். மலையில் அது தற்கொலை. முன் வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த வீரப்பனின் பெயர் கடைசியில் வந்தது.

பன்னிரண்டு லாரிக்குச் சொந்தக்காரன் வீரப்பன். அவன் தலையசைக்காமல் ஒரு முட்டைக்கோஸ் மலையை விட்டு இறங்காது. எல்லோருக்கும் 'அவர்' போடுகிற எனக்கு இவனுக்கு மட்டும் போட மனம் வரவில்லை; ஏன் என்று போகப்போகத் தெரியும். அவன் எழுந்து மேடைக்குப் போனான்.

"ஏன்டா, ஏ பி சி படிக்கவா உன்னைக் கோலாலம்பூர்லேருந்து கூட்டியாந்தாங்க? நான் கடைசி ஆளா?"

முதல் அறையில் கண்ணாடி பறந்தது. இரண்டாவதில் உதடு கிழிந்தது. மூன்றாவது அறைக்கு ராதாகிருஷ்ணன் நிற்கவில்லை, மைக்கோடு சேர்ந்து விழுந்துவிட்டார். விழுந்தவரின் விலாவில் வீரப்பன் பூட்ஸ் காலால் இரண்டு உதை விட்டான். மத்தியானம் தாப்பாவுக்குப் புறப்பட்ட டாக்சியில் மனிதர் ஏறிப் போய்விட்டார். அவர் காலிலிருந்து கழன்ற ஒரு சப்பாத்து மட்டும் மேடையிலேயே கிடந்தது.

மாநாட்டுக்கு இன்னும் ஒரு நாள்கூட இல்லை. நல்லுசாமிக்கு அப்போதுதான் இருளப்பனின் ஞாபகம் வந்தது. முன்பே வந்திருக்க வேண்டும். வரவில்லை என்று சொல்வதைவிட, வந்ததைத் தள்ளிவிட்டார் என்பதுதான் உண்மை.

ரிங்லெட்டிலிருந்து தாப்பா வரைக்கும் கல்யாணமோ காதுகுத்தோ கூட்டமோ, மைக்கைப் பிடிக்க இருளப்பன்தான் வரவேண்டும் என்று ஜனம் காத்துக்கிடந்த காலம் அது. வாரநாளில் தேயிலை ஃபேக்டரியில் இலை உருட்டும் மிஷினோடு மல்லுக்கட்டுவார். வார இறுதியில் மைக். ஒரு விசேஷத்துக்கு ஒப்புக்கொண்டால் முதல் நாளே போய்விடுவார். சமையல்காரர், பந்தல்காரர், பூக்காரி என்று எல்லோரிடமும் பேச்சுக்கொடுத்து, யாருக்கு யாரோடு ஆகாது, யாரை எந்தப் பட்டம் போட்டுக் கூப்பிட்டால் முகம் மலரும் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்வார். கோபித்துக்கொண்டு பந்தலுக்கு வெளியே நிற்கும் தாய்மாமனை மைக்கிலேயே குளிர்வித்து உள்ளே கூட்டி வந்துவிடுவார். மலாய் அதிகாரி வந்தால் மலாயில் நாலு வார்த்தை, சீன முதலாளி வந்தால் அவர் கடைப் பெயரைச் சரியாகச் சொல்லி ஒரு கும்பிடு. வெண்கலக் குரல். ஒரு பெயரை அவர் கூப்பிட்டால், அந்தப் பெயர்க்காரருக்கு இரண்டு அங்குலம் உயரம் கூடிவிடும்.

முகம்தான் குறை. மேலுதடு இரண்டாகப் பிளந்து, இடது கன்னம் வரைக்கும் கோணல்மாணலாகத் தையல் போட்ட தழும்பு. பேசும்போது ஈறு தெரியும். "டத்தோ பட்டம் வாங்கினவங்க எல்லாம் உக்கார்ற மேடைல இந்த மூஞ்சி சரிப்படாதுலா" என்று சங்கக் கூட்டத்தில் சொன்னவரும் இதே நல்லுசாமிதான்.

அந்தத் தழும்பின் கதை பத்து வருஷத்துப் பழசு. எங்கள் தேயிலைத் தோட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. சித்திரைத் திருவிழாவில் மாரியம்மன் கழுத்திலிருந்து எடுக்கும் முதல் மாலை, ஆட்களை வேலை வாங்கும் கங்காணியின் வீட்டுக்கு. கங்காணி உத்தியோகமே போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. மரியாதை மட்டும் போகவில்லை. மைக்கில் பெயரை மூன்று முறை கூப்பிட வேண்டும். ஆள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து மாலையை வாங்குவார். ஆள் வந்து சேரவில்லை என்றால் பாட்டுத் தட்டைப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். எக்காரணம் கொண்டும் அடுத்த பெயரைக் கூப்பிடக்கூடாது.

1974இல் பெரிய கங்காணி காளிமுத்து செத்து ஒரு வருஷம். மாலை அவர் மகன் வீரப்பனுக்கு. அவன் கியா பார்ம் ஊரில் யாரோடோ குடித்துக்கொண்டிருந்தான். இருளப்பன் ஒரு தட்டுப் போட்டார். இரண்டாவது தட்டும் போட்டார். சடசடவென்று நாலு தூறல் விழுந்தது. "மாலை நனையுதுப்பா, கூப்பிடு கூப்பிடு" என்று பூசாரி அவசரப்படுத்தினார். இருளப்பனுக்கு அன்று வயது முப்பது. காத்திருக்கும் பொறுமை இல்லை. அடுத்த பெயரை, கோயில் தலைவர் பெயரை, கூப்பிட்டுவிட்டார்.

மூன்றாவது முறை கூப்பிட்டு வாயை மூடவில்லை, வீரப்பனின் லாரி வந்து நின்றது. கூடவே நாலு பேர். எல்லோர் கையிலும் கவ்வாத்துக் கத்தி. கட்டைவிரல் பருமனுள்ள தேயிலைக் கிளையை ஒரே வீச்சில் சீவுகிற கத்தி அது. "கூப்பிடத் தெரியாத வாய் எதுக்குடா உனக்கு?" என்று வீரப்பன் முதல் வீச்சை வாயிலேயே வீசினான்.

இரண்டாவது வீச்சுக்குள் இருளப்பனின் தம்பி நாகப்பன் குறுக்கே விழுந்துவிட்டார். ஆம்ப்ளிஃபயர் நனையாமல் குடை பிடித்துக்கொண்டிருந்தவர். இருபத்துநாலு வயது. தோளில் ஒன்று, கையில் ஒன்று, கழுத்தில் ஒன்று. மைக்கை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. நாகப்பனின் தொண்டையிலிருந்து வந்த சத்தம் நாலு குழாய் ஸ்பீக்கர்களிலும் மலை முழுக்கக் கேட்டது. தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் கைப்பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த அவர் மனைவி மணியம்மா, அது என்ன சத்தம் என்று வாசலுக்கு வந்து காதைக் கொடுத்துக் கேட்டார். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது.

இருநூறு பேர் பார்த்தார்கள். போலீஸ் கேட்டபோது இருநூறு பேரும் அந்த நேரம் பார்த்துச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்களாம். மிஞ்சியது ஒரே சாட்சி, வாயில் தையலோடு இருளப்பன். வழக்குக்கு மூன்று நாள் முன்னால் வீரப்பனின் ஆட்கள் அவர் வீட்டுக்கு வந்தார்கள். மனைவி செல்லம்மாவுக்கு அப்போது ஏழாம் மாசம். ஒருவன் கவ்வாத்துக் கத்தியை அவர் வயிற்றின்மேல் படுக்கவைத்து, "சும்மா அளவு பாக்கறேன்க்கா" என்றான். செல்லம்மா மூச்சுவிடக்கூடப் பயந்து சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றார்.

கோர்ட்டில் இருளப்பன் சொன்னது இவ்வளவுதான்: "பனி மூடியிருந்துச்சுங்க. ஆள் தெரியலை."

மொழிபெயர்ப்பாளர் அதை மலாயில் சொன்னார். காபுஸ். பனிமூட்டம். பின்வரிசையில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்த மணியம்மா அந்தச் சொல்லை இரண்டு முறை முணுமுணுத்துப் பார்த்தார். சாட்சி இல்லை என்று வழக்கை நிறுத்திவைத்து வீரப்பனை விட்டுவிட்டார்கள். அவன் பயத்தையே முதலாகப் போட்டு லாரி மேல் லாரியாக வாங்கினான். அன்று மலையில் பனியே இல்லை. தூறல் விழுந்தாலும் எதிர் மலையில் கொழுந்துக் கூடைகூடத் தெரிந்தது. இது இருளப்பனுக்குத் தெரியும், மணியம்மாவுக்கும் தெரியும். லைன் வீட்டில் இரண்டு பேருக்கும் நடுவே ஒரே ஒரு பலகைச் சுவர்தான். பத்து வருஷம் மணியம்மா அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஊரார் பெயரையெல்லாம் கூப்பிட்ட இருளப்பனும் தன் தம்பி பெயரை ஒரு முறைகூட வாயில் எடுக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அந்த வீட்டு வாசலில்தான் நல்லுசாமி வந்து நின்றார்.

"அண்ணே, நீங்கதான் காப்பாத்தணும். நாளைக்குப் பத்து மணிக்கு மாநாடு. உங்களை விட்டா இந்த மலைல யாருக்கு வரிசை தெரியும்?"

"முதல் மாலை யாருக்கு?" என்று இருளப்பன் கேட்டார்.

நல்லுசாமி தரையைப் பார்த்தார். "தெரிஞ்சதுதானே அண்ணே."

உள்ளே செல்லம்மா கையிலிருந்த பாத்திரத்தை ணங்கென்று போட்டார். இருளப்பன் பிளந்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "வர்றேன். ஆனா பட்டியலை நான்தான் எழுதுவேன். நீங்க முன்னாடி பாக்கக் கூடாது. இன்னொண்ணு, ஒரு குழாயை ஹோட்டலுக்கு வெளிய, மார்க்கெட்டைப் பாத்துக் கட்டணும்."

"வெளிய எதுக்குண்ணே?"

"உள்ள வர முடியாத ஜனமும் கேக்கட்டுமேலா."

தலை தப்பியதே பெரிது என்று நல்லுசாமி கும்பிடு போட்டுவிட்டு ஓடினார். செல்லம்மா வெளியே வந்தார். "உங்களுக்கு வெக்கமா இல்லை? வெட்டினவன் பேரை அந்த வெட்டுப்பட்ட வாயாலயே கூப்பிடப் போறீங்களா?"

இருளப்பன் பதில் சொல்வதற்குள் பக்கத்து வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. பலகைச் சுவருக்கு ரகசியம் தெரியாது. மணியம்மா கையில் அடுப்பு விறகோடு வந்தார். முதல் அடி தோளில் விழுந்தது. அடுத்தது முதுகில். அடுத்தது காதோரம், தோல் பிய்ந்து ரத்தம் கழுத்தில் இறங்கியது. இருளப்பன் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. பத்து வருஷத்து அடி, அதை அவர் எண்ணாமல் வாங்கிக்கொண்டார். செல்லம்மா குறுக்கே புகுந்து விறகைப் பிடுங்கும் வரைக்கும் மணியம்மா அடித்தார்.

"நாளைக்கு மார்க்கெட்டுக்கு வா, மணியம்மா" என்றார் இருளப்பன், தரையில் உட்கார்ந்தபடி.

மணியம்மா அவர் காலடியில் காறித் துப்பிவிட்டுப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஹோட்டல் மண்டபம் நிறைந்து வழிந்தது. காய்கறிக்காரர்கள், பூத்தோட்டக்காரர்கள், தேயிலைத் தரகர்கள், லாரிக்காரர்கள். மேடையில் தலைநகரத்திலிருந்து வந்த ஒரு மலாய் அதிகாரி. வாசலில் அவருக்குக் காவலாக இரண்டு போலீஸ்காரர்கள். காதில் கட்டோடு வந்த இருளப்பனைப் பார்த்து நல்லுசாமி தலையில் கைவைத்தார். இருளப்பன் மைக்கைத் தொட்டதும் அந்தக் கை இறங்கிவிட்டது. மலாயில் ஒரு வணக்கம், சீன விவசாயிகளுக்கு ஒரு வேடிக்கைப் பேச்சு, அதிகாரியின் பட்டங்கள் ஒன்றுவிடாமல். பெர்த்தாம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கும் கோலா தெர்லாக்காரர்களுக்கும் இருந்த பழைய பகையை ஒரே வாக்கியத்தில் தாண்டினார். முன் வரிசையில் வீரப்பன் மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வரிசை தெரிந்த ஆள் என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொல்லிச் சிரிக்கவும் செய்தான்.

"மாலை மரியாதைக்கு முன்னால், நம்மை விட்டுப் பிரிந்தவர்களுக்கு மௌன அஞ்சலி" என்றார் இருளப்பன். "எல்லோரும் எழுந்து நிற்கவும்."

எல்லோரும் எழுந்தார்கள். அந்த வருஷம் செத்துப்போன வியாபாரிகள் மூன்று பேரின் பெயரைப் படித்தார். பிறகு நோட்டை மூடினார்.

"நாலாவது பேர் நாகப்பன்." குரல் ஒரு நொடி உடைந்து, திரும்பச் சேர்ந்தது. "தோட்டத் தொழிலாளி. வயசு இருபத்துநாலு. எழுபத்துநாலு சித்திரையில மாரியம்மன் கோயில் வாசல்ல, பட்டப்பகல்ல வெட்டுப்பட்டுச் செத்தவன். என் தம்பி. அன்னிக்குப் பனி இல்லை. பனி இருந்துச்சு, ஆள் தெரியலைன்னு நான் கோர்ட்ல சொன்னது பொய். இப்ப ஒரு நிமிஷம் மௌனமா நிப்போம்."

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மௌன அஞ்சலியில் யார் அசைவது? வீரப்பன் தலைகுனிந்து நின்றான். அவன் கழுத்து நரம்பு புடைத்து எழுந்தது, முகம் கறுத்தது. கொன்றவனையே, கொல்லப்பட்டவனுக்காக, அறுபது நொடி முழுசாக நிற்கவைத்தார் இருளப்பன். ஒரு நொடியைக்கூட அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

"நன்றி. அமரவும். இப்போது மாநாட்டின் முதல் மாலை." குரல் பழைய வெண்கலமாக எழுந்தது. "பத்து வருஷத்துக்கு முன்னால இந்த மாலைக்குக் காத்திருக்காம அடுத்த பேரைக் கூப்பிட்டது என் தப்பு. இன்னிக்குத் தப்பு நடக்காது. லாரி உரிமையாளர், பெரிய கங்காணி காளிமுத்து அவர்களின் மகன், என் தம்பி நாகப்பனைக் கவ்வாத்துக் கத்தியால் வெட்டிக் கொன்ற வீரப்பன் அவர்களை மேடைக்கு அழைக்கிறேன்."

தமிழ் தெரியாத அதிகாரி மட்டும் சிரித்த முகத்தோடு கைதட்டினார். வேறு யாரும் தட்டாததைப் பார்த்துக் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

மூன்று முறை கூப்பிடுவது வழக்கம். இருளப்பன் இரண்டாவது முறையும் அதே வார்த்தைகளைச் சொன்னார், ஒன்றையும் குறைக்காமல். மூன்றாவது முறை 'கவ்வாத்து' என்ற இடத்தில் வீரப்பன் மேடைக்கு வந்துவிட்டான். இரும்பு மைக் தாங்கியைப் பிடுங்கி அவர் வாயிலேயே அடித்தான். பல் தெறித்து அதிகாரியின் மேஜையில் விழுந்தது. இரண்டாவது அடியில் தாடை முறிந்த சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டது. கீழே விழுந்தவரை அவன் ஆட்கள் ஏறி மிதித்தார்கள். விலா, கை, வயிறு என்று எங்கே கிடைத்ததோ அங்கே. இருநூறு பேர் அன்றும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள், வெட்கங்கெட்ட ஜனம். அந்த இரண்டு போலீஸ்காரர்கள்தான் தடியால் வெளுத்து வீரப்பனை இழுத்துப்போய் விலங்கு மாட்டினார்கள்.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பழைய வழக்கு தூசி தட்டி எடுக்கப்பட்டது. வீரப்பன் பதினான்கு வருஷம் உள்ளே போனான். பொய்ச் சாட்சி சொன்னதற்காக இருளப்பனும் மூன்று மாசம் உள்ளே இருந்துவிட்டு வந்தார். தாடை கோணலாகவே கூடியது, வெண்கலக் குரல் திரும்பவில்லை. கடைசி வரை இலை உருட்டும் மிஷினோடுதான் காலம் போயிற்று. அதற்காக அவர் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. அவர் காத்திருந்த தீர்ப்பு கோர்ட்டில் வரவில்லை. அது மாநாடு முடிந்த மூன்றாம் நாள், தானா ராத்தா ஆஸ்பத்திரியில் வந்தது.

தாடையைக் கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மலாய் சார்ஜென்ட், மடியில் பழைய ஃபைல். "வெட்டியவனைப் பார்த்தாயா?" என்று மலாயில் கேட்டார். இருளப்பன் ஆமென்று தலையை ஆட்டினார். சார்ஜென்ட் ஃபைலில் விரலை வைத்தார். "காபுஸ் என்று நீதானே சொல்லியிருக்கிறாய்?"

இருளப்பன் வாயைத் திறக்கப் பார்த்தார். கம்பிக்கு நடுவிலிருந்து ரத்தம் கலந்த எச்சில்தான் வழிந்தது. பேச வாய் இருந்தபோது பேசவில்லை; பேச வந்தபோது வாய் இல்லை. கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது.

"காபுஸ் தாடா, துவான்."

வாசலில் கஞ்சித் தூக்கோடு மணியம்மா நின்றார். பனி இல்லை, ஐயா. பத்து வருஷமாக அவர் வாயில் வைத்திருந்த மலாய்ச் சொல் அது. சார்ஜென்ட் நிமிர்ந்து, நீ யார், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

தெரிந்த மலாயில் திக்கித் திக்கிச் சொன்னார் மணியம்மா: செத்தவனின் மனைவி. ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில், குழாய்க்கு நேர் கீழே நின்றேன். இவர் சொன்னதைக் கேட்டேன். அங்கே இருந்த எல்லோரும் கேட்டார்கள், வேண்டுமானால் போய் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சார்ஜென்ட் எழுதிக்கொண்டார். மணியம்மா கட்டிலோரம் உட்கார்ந்து தூக்கைத் திறந்தார். பல் விழுந்த இடைவெளியில் கரண்டி நுழையுமா என்று குனிந்து பார்த்தார். நுழைந்தது.

"அழாதீங்க மாமா" என்றார். "அவர் பேரைச் சத்தமா சொன்னீங்க. நான் கேட்டேன். கஞ்சி ஆறுது, குடிங்க."